ரோஷ் ஹஷானா விருந்துக்கு ஷிரின் போலோ: முதல் தடவை செய்றவங்களுக்கு

யூத நண்பர் வீட்டுல ரோஷ் ஹஷானா, அதாவது அவங்க புது வருஷ விருந்து, சமையலுக்கு நானும் வரேன்னு நீங்க சொல்லிட்டீங்க, அவங்க ஈரான்ல இருந்து வந்த குடும்பம்னா யோசிக்கவே வேணாம், ஷிரின் போலோ பண்ணுங்க. குங்குமப்பூ போட்ட பாஸ்மதி சோறு, அதுல சர்க்கரைப் பாகுல வேக வெச்ச ஆரஞ்சுத் தோல், கேரட், மேல சீவின பாதாம், பிஸ்தா, திராட்சை, பக்கத்துல கோழி. ஈரான்ல கல்யாணத்துக்கும் இதைத்தான் பண்ணுவாங்க. ஈரானிய யூதர்கள் இதை ரோஷ் ஹஷானாவுக்கு விரும்பி வைக்கறதுக்குக் காரணம் இனிப்பு, வரப்போற வருஷம் இனிப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு அன்னிக்கு மேஜையில தேன், பேரீச்சம்பழம், ஆப்பிள்னு எல்லாமே அந்தப் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கும்.

ஈரான்ல யூதர்கள் 2500 வருஷத்துக்கு மேல வாழ்ந்துட்டு வராங்க. 1948-க்கு அப்புறம் நிறைய பேர் இஸ்ரேலுக்குப் போனாங்க, 1979 புரட்சிக்கு அப்புறம் பெரிய கூட்டமா லாஸ் ஏஞ்சலஸுக்கும் நியூயார்க் பக்கத்துல இருக்கற கிரேட் நெக்குக்கும் வந்தாங்க. நான் இருக்கறது லாஸ் ஏஞ்சலஸ்லதான், இங்க வெஸ்ட்வுட் பக்கம் ஈரானிய மளிகைக் கடைக்குள்ள போனா செப்டம்பர் மாசத்துல சீவின பாதாமும் காய்ஞ்ச ஆரஞ்சுத் தோலும் பாக்கெட் பாக்கெட்டா இருக்கும். அந்த வாசனையே போதும், வீட்டுக்கு வந்து அரிசி ஊற வைக்கத் தோணும்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். பார்க்கறவங்க கண்ணு பிஸ்தாவுலயும் ஆரஞ்சுலயும்தான் போகும், ஆனா இது நல்லா வர்றதும் சொதப்பறதும் அரிசியிலதான் இருக்கு, அதோட அந்த வீட்டுப் பழக்கத்துக்கு ஒத்து வர்ற மாதிரி சமைக்கறதுல இருக்கு. அதனால அந்த ரெண்டைப் பத்தியும்தான் நான் அதிகமா சொல்லப் போறேன், மேல தூவறதெல்லாம் சுலபம்.

அடுப்புப் பக்கம் போறதுக்கு முன்னாடி

யூத உணவுச் சட்டப்படி இறைச்சியும் பால் பொருளும் ஒரே வேளையில சேரக்கூடாது. கோழியும் இறைச்சிக் கணக்குலதான் வரும். கோழி மேஜையில இருக்குன்னா சோத்துல நெய் கிடையாது, வெண்ணெய் கிடையாது, தயிர் கிடையாது. இணையத்துல தேடினா வர்ற பாரசீக சமையல் குறிப்புகள்ல பாதிக்கு மேல வெண்ணெயும் தயிரும் இருக்கும், அதை அப்படியே எடுத்துப் பண்ணிடாதீங்க. நம்ம கை வேற பழக்கத்துல நெய் டப்பாவைத்தான் தேடும், அன்னிக்கு அதை அலமாரிக்குள்ளயே வெச்சிருங்க. சூரியகாந்தி எண்ணெய், கனோலா எண்ணெய் எதுவா இருந்தாலும் சரி, எண்ணெய் மட்டும்தான். இறைச்சியும் இல்லாம பாலும் இல்லாம பொதுவா இருக்கற சாப்பாட்டை பார்வேன்னு சொல்வாங்க. சோத்தை பார்வேயா பண்ணிட்டா கோழியோடயும் போகும், மீனோடயும் போகும், சைவம் சாப்பிடறவங்களுக்கும் ஆகும்.

அடுத்தது யார் வீட்டுல சமைக்கறதுங்கறது. கோஷர், அதாவது இந்த உணவுச் சட்டம் பார்க்கற குடும்பம்னா உங்க வீட்டுப் பாத்திரத்துல பண்ணி எடுத்துட்டுப் போனா அவங்களால சாப்பிட முடியாது. அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல, அவங்க வீட்டுக்கே போய் அவங்க பாத்திரத்துல சமைங்க. இறைச்சிக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி, பாலுக்குத் தனின்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, எதை எடுக்கணும்னு கேட்டுட்டு எடுங்க, கேக்கறதை அவங்க மரியாதையாத்தான் எடுத்துப்பாங்க. இன்னொண்ணு, கட்டுப்பாடா இருக்கற வீடுகள்ல யூதர் அல்லாத ஒருத்தர் தனியா சமைச்சதை சாப்பிட மாட்டாங்க, அவங்க வீட்டு ஆள் ஒருத்தர் சமையல்ல கை வைக்கணும். அஷ்கெனாஸி, அதாவது ஐரோப்பாவுல இருந்து வந்த யூதர்கள் வழக்கத்துல அடுப்பைப் பத்த வெச்சுக் கொடுத்தாலே போதும்பாங்க. ஸ்பெயின்ல இருந்து வந்தவங்களோட செஃபார்டி வழக்கத்துல பானையை அடுப்புல ஏத்தறதையே அவங்க செய்யணும், ஈரானிய குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். அதனால நீங்க எல்லாம் தயார் பண்ணி வெச்சுட்டு, பானையை அடுப்புல வைக்க மட்டும் அவங்களைக் கூப்பிடுங்க.

வாங்கற பொருள்ல கோஷர் முத்திரை இருக்கான்னு பாருங்க, அமெரிக்காவுல அதிகமா பார்க்கறது வட்டத்துக்குள்ள யு எழுத்து. பக்கத்துல டி எழுத்து இருந்தா பால் சம்பந்தப்பட்டது, அந்த பாக்கெட்டைத் திருப்பி வெச்சிருங்க. வெறும் அரிசிக்கு சாதாரண நாள்ல முத்திரை தேவைப்படாது, ஆனா அரிசியைத் தட்டுல பரப்பி பூச்சி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஊற வைப்பாங்க, நீங்களும் பண்ணுங்க.

பொருள் எவ்ளோ

எட்டு பேருக்கு நல்ல பழைய பாஸ்மதி 4 கப், அதாவது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. கேரட் அரை கிலோ. தோல் தடிமனா இருக்கற ஆரஞ்சு 4. சர்க்கரை 1 கப். பாதாம் சீவினது அரை கப், பிஸ்தா சீவினது அரை கப், காய்ஞ்ச திராட்சை அரை கப். குங்குமப்பூ அரை டீஸ்பூன், இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். ஏலக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன், பட்டைப் பொடி அரை டீஸ்பூன், ரோஜாப் பன்னீர் ஒரு ஸ்பூன் இருந்தா போடுங்க இல்லாட்டி விடுங்க. எண்ணெய் முக்கால் கப் கிட்ட ஆகும். உருளைக்கிழங்கு பெருசா 2, பானை அடிக்கு. கல் உப்பு தாராளமா.

குறிப்புகள்ல ஜெரெஷ்க்னு ஒரு சின்ன சிவப்பு காய்ஞ்ச பழம் வரும், நல்ல புளிப்பு. மத்த நாள்ல இந்த சோத்துக்கு அது ரொம்ப பொருத்தம், ஆனா ரோஷ் ஹஷானா அன்னிக்குப் புளிப்பு, காரம் தொடக்கூடாதுன்னு நிறைய குடும்பங்கள்ல வழக்கம் இருக்கு. நான் அன்னிக்கு அதைப் போடவே மாட்டேன், கூட ரெண்டு கை திராட்சை போட்டுடுவேன். வீட்டுக்காரங்க போடலாம்னு சொன்னா கல் பொறுக்கி, கழுவி, ஒரு ஸ்பூன் சர்க்கரையோட எண்ணெய்ல அரை நிமிஷம் புரட்டி எடுங்க, கண் அசந்தா கருகிடும்.

கொட்டை வகையும் கேட்டுக்க வேண்டியதுதான். அஷ்கெனாஸி வழக்கத்துல ரோஷ் ஹஷானா அன்னிக்குக் கொட்டை தவிர்க்கறவங்க இருக்காங்க, அது சளி கட்டி ஜெபத்துக்கு இடைஞ்சல் பண்ணும்னு ஒரு காரணம் சொல்வாங்க. ஈரானிய வீடுகள்ல பாதாம் இல்லாத ஷிரின் போலோவே கிடையாது. விருந்துக்கு ரெண்டு தரப்பும் வர்றாங்கன்னா கொட்டையைத் தனிக் கிண்ணத்துல வெச்சிருங்க, வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்.

முந்தின நாளே முடிக்க வேண்டியது

ஆரஞ்சுத் தோலை காய் சீவற பீலரால மெல்லிசா சீவுங்க, உள்ள இருக்கற வெள்ளைப் பஞ்சு வரவே கூடாது, கசப்பு முழுக்க அதுலதான் இருக்கு. சீவினதைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, குளிர்ந்த தண்ணில போட்டு கொதிக்க விட்டு வடிச்சிருங்க, மறுபடி புதுத் தண்ணி, மறுபடி கொதி, மறுபடி வடி. மூணு தடவை பண்ணனும். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் ஒரு துண்டை வாயில போட்டு மென்னு பாருங்க, நாக்கு ஓரத்துல இன்னும் கசப்பு நிக்கும், மூணாவது தடவைக்கு அப்புறம் வாசனை மட்டும் இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை நீங்களே ருசிச்சுட்டீங்கன்னா இந்த வேலையை எப்பவும் குறுக்கு வழியில பண்ண மாட்டீங்க.

கேரட்டையும் அதே கனத்துக்கு நறுக்குங்க. துருவாதீங்க, துருவினா குழைஞ்சு அல்வா ஆகிடும். ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல அஞ்சு நிமிஷம் வதக்கி, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணி, ஆரஞ்சுத் தோல், ஏலக்காய் பாதி எல்லாம் சேர்த்து மெதுவா கொதிக்க விடுங்க. பதினஞ்சு இருவது நிமிஷத்துல கேரட் கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும், அப்போ இறக்கி வடிகட்டி பாகைத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வைங்க. அந்தப் பாகை கொட்டிராதீங்க, நாளைக்கு சோத்து மேல ரெண்டு ஸ்பூன் தெளிக்க வேணும். பாதாமையும் பிஸ்தாவையும் அரை மணி நேரம் தண்ணில ஊற வெச்சு எடுத்தா நிறம் நல்லா இருக்கும், சோத்தோட மெதுவா கடிபடும்.

குங்குமப்பூவை ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு சின்ன உரல்ல நல்லா பொடிங்க, அதுல கால் கப் சுடு தண்ணி ஊத்தி மூடி வைங்க, கொதிக்கற தண்ணி வேணாம். இழையை அப்படியே சோத்துல தூவறது வீண், பொடிச்சு ஊற வெச்சாத்தான் நிறமும் வாசனையும் முழுசா இறங்கும். இதை மட்டும் அன்னன்னிக்கே பண்ணுங்க.

அரிசி

நமக்கு வடிச்ச சோறு தெரியும், பிரியாணிக்கு முக்கால் வேக்காட்டுல வடிச்சு தம் போடறதும் தெரியும், அதனால இந்த முறை தமிழ்க்கைக்கு அவ்ளோ புதுசு இல்ல. ஆனாலும் சில இடத்துல அவங்க காட்டற பொறுமை நம்மளை விட அதிகம்.

அரிசியை அஞ்சாறு தடவை கழுவுங்க, தண்ணி தெளியற வரைக்கும், கையால அழுத்தித் தேய்க்காம விரலை உள்ள விட்டு மெதுவா சுழட்டுங்க. நீள அரிசி உடைஞ்சா அழகே போச்சு. அப்புறம் ரெண்டு டேபிள்ஸ்பூன் கல் உப்பு போட்டு, அரிசிக்கு மேல ரெண்டு விரல்கடை தண்ணி நிக்கற மாதிரி ஊற வைங்க, குறைஞ்சது ஒரு மணி நேரம், ரெண்டு மூணு மணி நேரம் ஊறினாலும் நல்லதுதான்.

பெரிய பானையில 4 லிட்டர் தண்ணி, மூணு டேபிள்ஸ்பூன் உப்பு. தண்ணியை நாக்குல வெச்சா நல்லா கரிக்கணும், பயப்படாதீங்க, அரிசி கொஞ்சம்தான் எடுத்துக்கும், மீதி வடிச்ச தண்ணியோட போயிடும். உப்பு குறைச்சலா போட்டா அந்த இனிப்பு திகட்டும், இந்த சாப்பாட்டுல பாகுக்கு எதிர்ல நிக்கறது சோத்துல இருக்கற உப்பு மட்டும்தான். தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஊறின அரிசியை வடிச்சுப் போடுங்க. மூணாவது நிமிஷத்துல இருந்து பானையை விட்டு நகராதீங்க, ஒரு பருக்கையை எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நசுக்குங்க, வெளிப்பக்கம் மெத்துன்னு இருக்கணும் நடுவுல மட்டும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு கெட்டியா தெரியணும். அரிசியைப் பொறுத்து அஞ்சு நிமிஷத்துலயும் வரும் எட்டு நிமிஷத்துலயும் வரும், கடிகாரத்தை நம்பாம விரலை நம்புங்க. அந்தப் பதம் வந்த நொடியே வடிகூடையில கொட்டி, மேல வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி தெளிச்சு விடுங்க, ஒரு பருக்கை வாயில போட்டுப் பார்த்து உப்பு தூக்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் தெளிங்க.

தம்மும் தாதிக்கும்

தாதிக்னா பானை அடியில மொறுமொறுன்னு பிடிக்கற அந்த அடை. ஈரானிய மேஜையில முதல்ல காலியாகறதும் அதுதான், குழந்தைங்க சண்டை போடறதும் அதுக்குத்தான். வெறும் சோத்துலயும் பண்ணலாம், முதல் தடவை பண்றவங்களுக்கு நான் உருளைக்கிழங்கைத்தான் சொல்வேன், அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமா நறுக்கி ஈரம் துடைச்சு வெச்சுக்கங்க.

அடி கனமான, ஒட்டாத பானை எடுங்க. கால் கப்புக்கு மேல எண்ணெய், ரெண்டு ஸ்பூன் குங்குமப்பூ தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, சூடானதும் உருளை வட்டத்தை ஒரே வரிசையா இடைவெளி இல்லாம அடுக்குங்க. அது மேல சோத்தைக் கரண்டி கரண்டியா உதிர்த்து விடுங்க, அமுக்கவே கூடாது, ஒவ்வொரு அடுக்குக்கும் மீதி ஏலக்காயும் பட்டைப் பொடியும் தூவுங்க. மேல போகப் போக குறுகி கோபுரமா வரட்டும், பானை ஓரத்துல ஒட்டாம இருந்தா ஆவி சுத்தி வரும். கரண்டிக் காம்பால அஞ்சாறு இடத்துல குழி போடுங்க, அடி வரைக்கும் போய் உருளையைக் குத்திடாம. கேரட் ஆரஞ்சை இப்போ சோத்துக்குள்ள கலக்காதீங்க, சர்க்கரை அடியில இறங்கி தாதிக்கைக் கருக்கிடும்.

மூடி போட்டு நடுத்தரத்துக்கு மேல தீயில எட்டுல இருந்து பத்து நிமிஷம். பானை ரெடியான்னு பார்க்க ஷிராஸ்ல பிறந்த ஒரு அம்மா காட்டிக்கொடுத்த வழி இது: விரலைத் தண்ணில நனைச்சு பானையோட பக்கவாட்டுல சட்டுன்னு தொட்டு எடுக்கணும், "ஸ்ஸ்"னு சத்தம் வந்தா அடி பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. அவங்க மூடியைத் திறந்தே பார்க்க மாட்டாங்க, அந்த சத்தத்தைக் கேட்டதும் தீயைக் குறைச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க.

இப்போ மூடியைத் திறந்து கால் கப் எண்ணெயோட கால் கப் சுடு தண்ணி கலந்து மேல சுத்தித் தெளிங்க, மூடியை ஒரு சுத்தமான பருத்தித் துணியில சுத்தி இறுக்கமா மூடுங்க, துணி முனை தீப்பக்கம் தொங்காம மேல முடிச்சு போட்டுருங்க. ஆவி துணியில உறிஞ்சிக்கும், திரும்ப சோத்து மேல சொட்டாது, பருக்கை பருக்கையா நிக்கறதுக்கு அந்தத் துணிதான் காரணம். தீயை எவ்ளோ குறைக்க முடியுமோ அவ்ளோ குறைச்சு முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் விடுங்க. இடையில திறக்காதீங்க.

கோழி

இதுக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். ரெண்டு வெங்காயத்தை எண்ணெய்ல பொன்னிறமா வதக்கி, கோழித் துண்டு, மிளகு, கொஞ்சம் மஞ்சள், ஒரு ஸ்பூன் குங்குமப்பூ தண்ணி, ஒரு கப் தண்ணி போட்டு மூடி, எலும்பை விட்டுக் கறி கழலற வரைக்கும் வேக விடுங்க. ஒரே எச்சரிக்கை உப்பு. கோஷர் கோழி ரத்தம் எடுக்கறதுக்காக ஏற்கனவே உப்புல வெச்சுக் கழுவினது, நீங்க வழக்கம் போல உப்பு போட்டா வாயில வைக்க முடியாது, கடைசியில ருசி பார்த்துட்டு வேணும்னா போடுங்க.

சூரியன் மறையறதுக்கு முன்னாடி

யூத நாள் சாயங்காலத்துல ஆரம்பிக்கும், அதனால விருந்தும் முதல் நாள் ராத்திரிதான். ரோஷ் ஹஷானா வார நாள்ல வந்தா ஏற்கனவே எரிஞ்சுட்டு இருக்கற தீயில சமைக்கலாம், புதுசா பத்த வைக்கத்தான் கூடாது. சப்பாத்தோட, அதாவது வெள்ளி சாயங்காலம் ஆரம்பிக்கற அவங்க வாராந்திர ஓய்வு நாளோட சேர்ந்து வந்தா சமையலே கூடாது, எல்லாம் வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். 2026-ல செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஆரம்பிக்குது, 2027-லயும் அக்டோபர் 1 வெள்ளி சாயங்காலம், அதனால ரெண்டு வருஷமும் இந்தக் கணக்குதான்.

செப்டம்பர் 11 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல 7 மணி வாக்குல சூரியன் மறையும், மெழுகுவர்த்தி ஏத்தறது பெரும்பாலும் அதுக்கு 18 நிமிஷம் முன்னாடி. நான் சொல்றது என்னன்னா மதியம் 1 மணிக்கு அரிசி ஊறட்டும், 3.30-க்கு வடிச்சிருங்க, 4 மணிக்குள்ள தம் ஏறிடணும், 5 மணிக்கு வெந்து முடிஞ்சிடும், கைவசம் ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல இருக்கும். ஜெபம் முடிஞ்சு சாப்பிட உக்கார நேரம் ஆகும், அது வரைக்கும் பிளாட்டான்னு சொல்ற சூட்டுத் தட்டு மேல பானையை மூடின துணியோட அப்படியே விடுங்க, கேரட் ஆரஞ்சை ஒரு மூடின கிண்ணத்துல பக்கத்துல வைங்க. சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் தட்டு மேல இருக்கற பானைக்குள்ள கரண்டி போட்டுக் கிளறாதீங்க, எடுத்ததைத் திரும்ப ஏத்தாதீங்க, சந்தேகம்னா வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. முதல் நாள்லயே ரெண்டாம் நாள் விருந்துக்கு வேலை ஆரம்பிக்கறதும் கூடாது, இருட்டி நட்சத்திரம் தெரிஞ்சதுக்கு அப்புறம்தான்.

பரிமாறறது

உடனே சோறு வராது. ஈரானிய குடும்பங்கள்ல முதல்ல ஆப்பிளும் தேனும், பேரீச்சை, மாதுளை, வெங்காயத்தாள் மாதிரி இருக்கற லீக்ஸ், பூசணி, பீட்ரூட், தட்டைப்பயறுன்னு ஒவ்வொண்ணா எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன வேண்டுதல் சொல்லி சாப்பிடுவாங்க, மாதுளைக்கு, இதுல இருக்கற முத்துகள் மாதிரி எங்க புண்ணியம் பெருகட்டும்னு சொல்வாங்க. அவசரப்படாம கூட உக்காருங்க, பானை சூட்டுத் தட்டுல பத்திரமாத்தான் இருக்கும்.

அப்புறம் பானையை எடுத்து, சோத்தை அகலத் தட்டுல மெதுவா உதிர்த்து மலையா குவிங்க. ஒரு கை சோத்தை மீதி குங்குமப்பூ தண்ணில பிரட்டி மேல போட்டா வெள்ளையும் மஞ்சளுமா நிக்கும், சப்பாத்தோட சேர்ந்து வந்தா இதை சூரியன் மறையறதுக்கு முன்னாடியே பண்ணி வெச்சிருங்க. கேரட், ஆரஞ்சு, திராட்சை, பாதாம், பிஸ்தாவை அடுக்கடுக்கா இடையில போட்டு மேலயும் தூவுங்க, எடுத்து வெச்ச பாகு ரெண்டு ஸ்பூன். மாதுளை முத்து தூவணும்னு ஆசை வரும், அழகாத்தான் இருக்கும், ஆனா அதுக்கும் கேட்டுக்கங்க, ரெண்டாவது ராத்திரி அந்தப் பருவத்துல இன்னும் சாப்பிடாத ஒரு பழத்தைப் புதுசா சாப்பிடற வழக்கம் இருக்கு, சில வீடுகள்ல அதுக்கு மாதுளையை நிறுத்தி வெச்சிருப்பாங்க.

தாதிக் எடுக்க, பானை அடியை ஈரத்துணி மேல ரெண்டு நிமிஷம் வைங்க, ஓரம் விட்டுக் கொடுக்கும், தட்டையான கரண்டியால நெம்பி எடுத்து தனித் தட்டுல மொறுமொறுப்பான பக்கம் மேல தெரியற மாதிரி வைங்க. சோத்து மேல வைக்காதீங்க, ஆவியில நமத்துடும். கோழியைப் பக்கத்துல இன்னொரு தட்டுல, அதோட சாறு ஒரு கிண்ணத்துல. மிச்சம் ஆனா சோத்தையும் இனிப்பையும் தனித்தனியா ஃபிரிட்ஜ்ல வைங்க, பண்டிகை முடிஞ்ச மறுநாள் மூடின பாத்திரத்துல கொஞ்சம் தண்ணி தெளிச்சு சின்னத் தீயில சூடு பண்ணா திரும்ப உதிரி உதிரியா வந்துடும்.